ராஜா நல்லவர்தான்

கிருபாராணி டீச்சருக்குக் கோபம் வந்தால் கையில் இருக்கும் சாக்பீஸ் உடையும். அந்தப் புதன்கிழமை காலையில் ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகைக்குக் கீழே வெள்ளைத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. பிள்ளைகள் தங்கள் மேல்தான் கோபமோ என்று பயந்து, வழக்கத்துக்கு மாறாக முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். டீச்சரின் கோபமெல்லாம் கீழே அறையில் உட்கார்ந்திருந்த பிரின்சிபால் கோவிந்தப்பன் மேல்.

விஷயம் இதுதான். கிருபாராணி அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வில் தேறியிருந்தாள். வருகிற திங்கட்கிழமை கிருஷ்ணகிரியில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல்களோடு போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஆனால் அவளுடைய ஒரிஜினல் ஒன்றுகூட அவளிடம் இல்லை. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டிலிருந்து பி.எட். பட்டம் வரைக்கும் எல்லாம் பள்ளி அலுவலகத்துப் பச்சை பீரோவில் பூட்டிக் கிடந்தது.

மத்திகிரியைத் தாண்டி இருக்கும் அந்தத் தனியார் பள்ளியில் வேலைக்குச் சேருகிற அன்றைக்கே ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வார்கள். "பத்திரமா இருக்கட்டும்" என்பார்கள். யாரிடமிருந்து பத்திரம்? படித்து வாங்கிய ஆளிடமிருந்துதான். நடுவருஷத்தில் வேறு பள்ளிக்கு ஓடிவிடக் கூடாதாம். கண் விழித்துப் படித்த படிப்பைப் பிடுங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, அதற்குப் பள்ளி ஒழுங்கு என்று ஒரு பெயர் வேறு. அடகுக்கடைக்காரராவது ஒரு ரசீது கொடுப்பார்.

அன்றைய பாடம் அமெரிக்கச் சுதந்திரப் போர். வாசலில் ஆங்கில வழிப் பள்ளி என்று பலகை தொங்கினாலும், வீட்டில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் பேசுகிற பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னால்தான் மண்டையில் ஏறும். கடலுக்கு இந்தப் பக்கம் பதின்மூன்று காலனிகள், அந்தப் பக்கம் இங்கிலாந்து ராஜா. எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் வரி போடாதீர்கள் என்று இவர்கள் கத்தினார்கள். முத்திரைத்தாளுக்கு வரி, தேயிலைக்கு வரி. கடைசியில் கப்பலில் வந்த தேயிலைப் பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினார்கள். கொட்டுகிற இடம் வந்ததும் கடைசி பெஞ்சு கைதட்டியது. பதிலுக்கு ராஜா பட்டாளத்தை அனுப்பினார், இவர்கள் அவருக்கே மனு எழுதினார்கள்.

முதல் பெஞ்சில் ஃபெபா கையைத் தூக்கினாள். அவள் அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"மிஸ், ஒரு டவுட்டு. பட்டாளத்த அனுப்பினதே ராஜாதான? அப்புறம் என்னாத்துக்கு மிஸ் அந்த ராஜாவுக்கே லெட்டர் எழுதறாங்க, எங்கள காப்பாத்துங்கன்னு?"

"ராஜா நல்லவரு, சுத்தி இருக்கற மந்திரிங்கதான் கெட்டவங்கன்னு நம்பினாங்க. விஷயம் ராஜா காதுக்குப் போயிட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சாங்க."

"எத்தன வருஷம் மிஸ் அப்படி நெனச்சாங்க?"

"ஒரு பத்து வருஷம். சண்டை ஆரம்பிச்ச பிறகும்கூட ஒரு மனு எழுதி அனுப்பினாங்க. ராஜா அத கையில வாங்கக்கூட மாட்டேன்னுட்டாரு."

"லூசா மிஸ் அவங்க?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கோபத்தை மறந்து கிருபாராணியும் சிரித்துவிட்டாள்.

இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வந்து, வெந்நீரில் டீத்தூளைக் காட்டி எடுத்தது போலிருந்த டீயைக் குடித்தபடி, அவளும் மற்றவர்களும் செய்த முதல் வேலை கோவிந்தப்பனைத் திட்டியதுதான். அதற்கு அவர் தோதான ஆள். ஒல்லி உடம்பு, பெல்ட்டில் தொங்கும் சாவிக்கொத்து, எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "ஐயாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்." லீவு கேட்டால் ஐயா. மின்விசிறி ஓடவில்லை என்றால் ஐயா. ஒரிஜினல் கேட்டுப் போன கிருபாராணியிடமும் தலையைச் சொறிந்துகொண்டு அதையேதான் சொன்னார். சொல்லி ஒரு வாரம் ஆகிறது.

ஐயா என்றால் தாளாளர் முனிவேல். தொழிற்சாலைகள் ஓசூருக்கு வந்தபோது நிலத்தை நல்ல நேரத்தில் விற்று, அந்தக் காசில் பள்ளி கட்டியவர். பாகலூர் ரோட்டில் ரோஜாத் தோட்டம். பள்ளிக்கு எப்போதாவதுதான் வருவார், வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். கிருபாராணியின் கல்யாணத்துக்குச் சர்ச்சுக்கே வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். அவள் அப்பா இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரைக்கும் நின்றார். அப்படிப்பட்ட மனிதர் இப்படிச் செய்வாரா?

"ஐயா காதுக்கு இது போயிருக்கவே போயிருக்காது கிருபா" என்றாள் கணக்கு டீச்சர் மணிமேகலை. பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறவள். "போயிருந்தா நேத்தே பீரோவ தொறந்து கையில குடுத்திருப்பாரு. தங்கமான மனுஷன். எல்லாம் இந்தக் கோவிந்தப்பன் வேலை."

"அதானேக்கா" என்றாள் கிருபாராணி.

திங்கட்கிழமையே எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதி அனுப்பியிருந்தார்கள். எழுதியது கிருபாராணிதான். உயர்திரு ஐயா அவர்களின் மேலான பார்வைக்கு, தங்கள் தாயுள்ளத்தை நம்பி, பணிவுடன், மிகுந்த தாழ்மையுடன். தாழ்மை மூன்று இடத்தில் வந்தது. பிரின்சிபால் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார், தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று முடித்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, உறையில் ஒட்டி, பள்ளி டிரைவர் கையில் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பதில் இல்லை.

"நான் நேர்லயே போறேன்" என்றாள் கிருபாராணி.

அவள் கணவன் ஸ்டெபின் முதல் ஷிப்டு முடித்து வந்ததும் பைக்கிலேயே கிளம்பிவிட்டார்கள். தோட்டத்தில் வெள்ளை பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக்குடில்கள் வரிசையாக நின்றன. அதன் வாசலில் ஒரு தகரக் கொட்டகை, நீளமான மேசை. மேசையில் காம்பு நறுக்கிய ரோஜாக்களை ஆட்கள் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முனிவேல் இவர்களைப் பார்த்ததும் எழுந்தே வந்தார். வேலையாளிடம் கன்னடத்தில் காபி கொண்டுவரச் சொன்னார்.

"வாம்மா கிருபா. தம்பி, நீயும் உக்காருப்பா. பாப்பாவுக்கு சளின்னியே, எப்படி இருக்கு?"

குழந்தையின் சளியை ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று கிருபாராணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததைக் கொட்டினாள்.

"ஐயா, பிரின்சிபால் சார் என் ஒரிஜினல குடுக்க மாட்டேங்கறாருங்க. திங்கக்கெழம சரிபார்ப்பு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னுதான் நேர்ல வந்தோம்."

"தெரியுமே" என்றார் முனிவேல். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அவன திட்டாதம்மா, அவன் பாவம். நாந்தான் குடுக்காதேன்னு சொன்னேன்."

ஸ்டெபின் காபி டம்ளரைக் கீழே வைத்தான். கிருபாராணிக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது.

"நடுவருஷத்துல நீ போயிட்டா பத்தாவது பசங்க பரிட்ச என்னம்மா ஆவறது? இந்த வாட்டி விடு. நீ கெட்டிக்காரி, அடுத்த வாட்டியும் பாஸ் ஆயிடுவ. கவர்மெண்டு வேல எங்க ஓடிடப்போவுது?"

"அடுத்த வாட்டி எப்ப வைப்பாங்கன்னே தெரியாதுங்கய்யா. இதுக்கே எத்தன வருஷமா ராத்திரி பகலா..."

"நீங்கல்லாம் என் புள்ளைங்க மாதிரிம்மா" என்று முனிவேல் நடுவிலேயே வெட்டினார். குரலில் அவ்வளவு பாசம். "புள்ள வீட்ட விட்டுப் போறேன்னா எந்தத் தகப்பன் பொட்டி கட்டிக் குடுப்பான், சொல்லு."

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். மேசையில், ஈர ரோஜாக் கட்டுகளுக்கு நடுவே, அவர்களுடைய மனு. உறை ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. மேலே டம்ளர் வைத்து வைத்துக் காபி வட்டம் விழுந்திருந்தது.

"எங்க மனுவயாவது படிச்சீங்களாங்கய்யா?"

முனிவேல் உறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என்னா எழுதியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? அத வேற படிக்கணுமா?" என்றார். காலி டம்ளரைத் திரும்பவும் அதன் மேலேயே வைத்தார்.

கிளம்பும்போது ஒரு கட்டுச் சிவப்பு ரோஜாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு வெச்சுக்கோ."

"ரொம்ப நன்றிங்கய்யா" என்றாள் கிருபாராணி.

அந்த நன்றிதான் அவளைச் சுட்டது. பைக் பாகலூர் ரோட்டில் ஏறிய பிறகு உடம்பெல்லாம் எரிந்தது. என் வாழ்க்கையைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு இரண்டு பூவைக் கொடுக்கிறான், நான் பல்லைக் காட்டி நன்றி சொல்கிறேன். ஒரு வாரமாகக் கோவிந்தப்பனைத் திட்டினேன். அந்த மனுஷன் வாங்கித் தின்றதெல்லாம் யாருக்குப் போக வேண்டிய திட்டு! கல்யாணத்துக்கு வந்தானாம், கல்லறைக்கு வந்தானாம். வராமல் என்ன? வந்து நின்றால் இவள் ஆயுசுக்கும் வாயைத் திறக்க மாட்டாள் என்று தெரிந்துதானே வந்தான். வருஷா வருஷம் இதே பாடத்தை நடத்துகிறவள், பதின்மூன்று காலனிக்காரர்களையும் பார்த்துச் சிரித்தவள். லூசா மிஸ் அவங்க? ஆமாம்டி ஃபெபா, லூசுதான்.

"நிறுத்துங்க" என்றாள். ஸ்டெபின் நிறுத்தினான். அவள் இறங்கிப் போய் ரோஜாக்கட்டைச் சாக்கடையில் வீசினாள். ரப்பர் பேண்டு போட்டிருந்ததால் கட்டு பிரியாமல் அப்படியே மிதந்தது. அதுவும் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கல்லை எடுத்து அடித்தாள். பின்னால் வந்த கம்பெனி பஸ்காரர் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அவள் சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. ஐயாவா? அவர் வாயாலேயா? காபி வட்டம் விழுந்த உறையைப் பற்றிச் சொன்னபோதுதான் அறை அடங்கியது. கிருபாராணி ஒரு வெள்ளைத்தாளை மேசையில் வைத்தாள்.

"இது மனு இல்ல. அந்தக் காலனிக்காரங்க கடைசியா எழுதினது மனு இல்ல, அறிவிப்பு. அது வரைக்கும் மந்திரி செஞ்சான், பார்லிமெண்டு செஞ்சதுன்னு பூசி மெழுகிட்டு இருந்தவங்க, அன்னைக்குத்தான் ராஜா பண்ணது ஒன்னொன்னையும் ராஜா பேருலயே எழுதினாங்க. அவர் இதைச் செய்தார், அவர் அதைச் செய்தார்னு. நானும் அப்படித்தான் எழுதியிருக்கேன். படிங்க."

மணிமேகலை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். தாழ்மையும் பணிவும் ஓர் இடத்திலும் இல்லை.

"திரு. முனிவேல் அவர்களுக்கு. நீங்கள் எங்கள் படிப்பைப் பூட்டி வைத்தீர்கள். நீங்கள் மே மாத வெயிலில் எங்களை லைன் வீடுகளுக்கு அனுப்பி, வாசல் வாசலாக நின்று அட்மிஷனுக்குப் பிள்ளை பிடிக்க வைத்தீர்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமையும் எங்களை வரச் சொல்லி, கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போகாமல் செய்தீர்கள். நீங்கள், கருக்கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்த ஆசிரியையின் வீட்டுக்கு..."

குரல் நின்றுவிட்டது. அந்த ஆசிரியை மணிமேகலைதான். மீதியைக் கிருபாராணி படித்தாள்.

"...வீட்டுக்கு விடைத்தாள் கட்டை அனுப்பி, இரண்டு நாளில் திருத்திக் கேட்டீர்கள். நீங்கள் எங்களைப் பிள்ளைகள் என்கிறீர்கள். நாங்கள் உங்கள் பிள்ளைகள் இல்லை. வெள்ளிக்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் எங்கள் சான்றிதழ்களை நாங்கள் எடுத்துக்கொள்வோம். உங்களிடம் கேட்கவில்லை. தெரிவிக்கிறோம்."

"ஒட்டுக்கா எல்லாரையும் வேலைய விட்டுத் தூக்கிட்டா?" என்றார் யாரோ.

"தூக்கட்டும். அந்தக் காலனிக்காரங்க கையெழுத்துப் போட்டப்ப மாட்டினா கழுத்துல கயிறு. நமக்கு வேலதான போவும்? ஓசூர்ல பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்? ஒரிஜினல் கையில இருந்தா நாளைக்கே வேற எடத்துல சேரலாம். அது இல்லாமத்தான இத்தன வருஷம் வாலச் சுருட்டிக்கிட்டுக் கெடந்தோம்."

மணிமேகலை பேனாவைத் திறந்தாள். "அன்னைக்கு அந்தக் கட்டுக்கு மேல ஒரு பை ஆப்பிளும் அனுப்பியிருந்தாரு கிருபா" என்றாள். "எங்க வீட்டுக்காரர்கிட்ட பெருமையா காட்டினேன், எங்க ஐயா எவ்வளவு நல்லவர்னு." தாளில் பள்ளம் விழுகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். அவளே போட்ட பிறகு மற்றவர்களுக்கு மறுக்க வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பிரேயர் தொடங்கும் முன் கிருபாராணி அந்தத் தாளைப் போட்டோ எடுத்து முனிவேலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள். ஆசிரியர்கள் போகவில்லை. எல்லோரும் அலுவலகத்துக்குள் நுழைந்து பச்சை பீரோவுக்கு முன்னால் நின்றார்கள்.

கோவிந்தப்பன் தாளை வாங்கிப் படித்தார். மேலிருந்து கீழே படித்தார், திரும்பவும் மேலே போனார்.

"எம் பேரு இதுல எங்கியும் இல்லியேம்மா" என்றார்.

"செஞ்சது நீங்க இல்லீங்களே சார்."

அவர் முகம் எப்படியோ ஆனது. "இத ஐயாகிட்ட கேட்டுட்டு..." என்று வழக்கம் போலத் தொடங்கினார்.

"ஐயாகிட்ட ஒன்னும் கேக்க வேணாம். சாவியக் குடுங்க சார்."

"சாவியா?" கை தானாகப் பெல்ட்டுக்குப் போனது. "இத்தன வருஷத்துல எல்லாரும் ஐயாகிட்ட கேட்டுச் சொல்லுங்கன்னுதான் சொன்னீங்க. சாவியக் குடுன்னு ஒருத்தரும் எங்கிட்ட கேக்கலம்மா."

பாவம் என்று விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை. "நாங்க கேக்கலன்னா? உங்களுக்காத் தோணாதா சார்? இடுப்புலயே சாவிய வெச்சுக்கிட்டு, எங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே எப்படி நடமாடினீங்க? உங்க ஒரிஜினல் எங்க சார் இருக்கு?"

கோவிந்தப்பன் பீரோவைத்தான் பார்த்தார். அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

வளையத்திலிருந்து சாவியைக் கழற்றப் பார்த்தார். அது கழலவில்லை. கொத்தோடு கொண்டுபோய்த் துவாரத்தில் நுழைத்து அவரே திறந்தார். பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. பெயர் எழுதிய கோப்புகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. ஆளாளுக்குத் தேடி எடுத்தார்கள். மணிமேகலை தன்னுடையதைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கிருபாராணி ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பி.ஏ., பி.எட். எல்லாம் இருந்தது.

கோவிந்தப்பனுடையது அடித்தட்டின் அடியில் கிடந்தது. மைசூர்ப் பல்கலைக்கழக எம்.ஏ. பட்டம், ஓரம் பழுத்துப்போன தாள்.

"எனக்கும் ஒரு தடவ காலேஜ் வேலைக்கு ஆர்டர் வந்துச்சு" என்றார், யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "அடுத்த வாட்டி பாத்துக்கலாம்னாரு."

இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறப் போகிற மனுஷன். கிருபாராணிக்கு அழுகை வரவில்லை. பாகலூர் ரோட்டில் வந்ததைவிடப் பெரிய கோபம் வந்தது. திரும்பிப் போய் அந்தத் தோட்டத்து ரோஜாச் செடி அத்தனையையும் வேரோடு பிடுங்கிப் போட வேண்டும் போலிருந்தது.

கோவிந்தப்பனின் சட்டைப் பையில் போன் அடித்தது. ஐயா. எல்லோரும் அப்படியே நின்றார்கள். அவர் எடுத்துக் காதில் வைத்தார். ஸ்பீக்கர் போடாமலேயே அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது. நலம் விசாரிக்கிற குரல் இல்லை அது.

"டேய் கோவிந்தப்பா, என்னடா கண்ட கழிசடைங்கல்லாம் எனக்கு நோட்டீஸ் அனுப்புது? பீரோவ பூட்டித்தான வெச்சிருக்க?"

"தொறந்துட்டேங்கய்யா."

"யாரக் கேட்டுடா தொறந்த?"

கோவிந்தப்பன் கையில் இருந்த பழுப்புத் தாளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"யாரையும் கேக்கலீங்கய்யா."

பழக்கத்தில் அந்த ஐயா மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. முனிவேல் கத்திக்கொண்டிருக்கும்போதே போனை அணைத்துப் பையில் போட்டார். சாவிக்கொத்தைப் பீரோவிலேயே தொங்கவிட்டு, கதவையும் மூடாமல், முதல் பீரியடு மணி அடிக்க வெளியே போனார்.